பிபா ஆடையின் கை வெட்டும் முறை

1964-இல் ஆடை வடிவமைப்பாளர் பார்பரா ஹுலானிக்கி ஒரு பத்திரிகை வழியாக விற்ற இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட ஆடைக்கு 17,000-க்கும் மேல் ஆர்டர்கள் குவிந்தன. அதே ஆண்டு அவர் லண்டன் அபிங்டன் சாலையில் பிபா என்ற ஆடைக் கடையைத் திறந்தார். அதே நகரின் கிங்ஸ் ரோட்டில் இன்னொரு வடிவமைப்பாளர் மேரி குவாண்ட்டின் 'பஸார்' கடை 1955-லேயே வந்துவிட்டது. ஆனாலும் என் மனம் பிபா ஆடைகளின் கையில்தான் நிற்கிறது. குறுகிய தோள், அக்குளை ஒட்டி ஏறிய வளைவு, மணிக்கட்டு வரை ஒட்டிய நீளம்.

உங்களுக்குப் பொருந்தும் பழைய பேப்பர் கட்டிங்கை (துணி வெட்ட வைக்கும் காகித அச்சை) எடுங்கள். தோளை 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, கைத்துண்டின் உச்சியை அதே அளவு உயர்த்துங்கள். அக்குள் பக்கம் வளைவை ஒன்றரை சென்டிமீட்டர் ஏற்றுங்கள். கைத்துண்டின் அடிவளைவையும் கூடவே ஏற்ற வேண்டும். இதை மறந்து 2 மீட்டர் கிரேப் துணியை வீணாக்கியிருக்கிறேன்; இன்றும் வருத்தம்தான்.

முதலில் காடாத் துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு கைகளைத் தூக்குங்கள். இடுப்புத் துணியும் சேர்ந்து ஏறினால் வளைவு இன்னும் தாழ்வாக இருக்கிறது. ஏற்றினால் இறுக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அசைவு எளிதாகிறது. மணிக்கட்டில் 8 சென்டிமீட்டர் திறப்பு விட்டு, துணி சுற்றிய சிறு பொத்தான்களை நெருக்கமாக வையுங்கள்.