தட்டச்சும் அலுவலகக் கடிதமும்: கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு செய்முறை

பி.காம்., பி.பி.ஏ. வகுப்புகளில் சேரும் மாணவர்கள் பலர் கைப்பேசியில் இரண்டு கட்டைவிரல்களாலேயே படுவேகமாக எழுதுகிறார்கள். அவர்களே கணினி ஆய்வகத்தில் ஒரு பக்கக் கடிதம் அடிக்க உட்கார்ந்தால் திணறுகிறார்கள். கண் விசைகளைத் தேடுகிறது. தேதியை வலப்பக்கம் தள்ள ஸ்பேஸ் பாரை முப்பது தடவை தட்டுகிறார்கள். மேலே ஒரு சொல்லைத் திருத்தியதும் கீழே எல்லாம் கலைந்துவிடுகிறது. ஒரு பருவம் ஒழுங்காக உழைத்தால் இந்தத் திணறல் போய்விடும். விரல்களுக்கும் பக்கத்துக்கும் தனித்தனியாகப் பயிற்சி கொடுங்கள். முதல் நாளே இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டுமே அரைகுறையாக நின்றுவிடும்.

முதல் படி: உட்காரும் முறையும் நடு வரிசையும்

பாதங்கள் தரையில் படியவேண்டும். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்க, மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்தாமல் இருக்கவேண்டும். இடக்கையின் நான்கு விரல்கள் ஏ, எஸ், டி, எஃப் மீதும், வலக்கையின் நான்கு விரல்கள் ஜே, கே, எல், அரைப்புள்ளி மீதும் இருக்கட்டும். எஃப், ஜே விசைகளில் சிறு மேடு ஒன்று விரலில் தட்டுப்படும். விரல்கள் தம் இடத்தைக் கண்டுகொள்ளத்தான் அந்த மேடு, குனிந்து பார்க்கவேண்டியதில்லை. ஸ்பேஸ் பாருக்குக் கட்டைவிரல்.

தமிழ்நாட்டுத் தட்டச்சுப் பயிலகங்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் முதல் பாடம் இன்றைக்கும் நல்ல பாடம்தான்: இடக்கையால் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், வலக்கையால் அரைப்புள்ளி எல் கே ஜே எச் ஜே. பக்கம் நிறைய இதையே அடிக்கச் சொல்வார்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் சுட்டுவிரல் ஜி விசைக்கும் எச் விசைக்கும் நீண்டு, தானாகவே தன் இடத்துக்குத் திரும்பும் பழக்கம் இந்தச் சலிப்பில்தான் பிறக்கிறது. நடு வரிசை கைவந்த பிறகு மேல் வரிசை, அதற்குப் பிறகு கீழ் வரிசை, கடைசியில் எண்கள். பெரிய எழுத்துக்கு எதிர்க்கையின் ஷிப்ட் விசையை அழுத்துங்கள்: எழுத்து இடக்கையில் இருந்தால் ஷிப்ட் வலக்கையில்.

இரண்டாம் படி: வேகத்தை அளப்பது

தட்டச்சுக் கணக்கில் ஐந்து தட்டல்கள் ஒரு சொல். இடைவெளியும் ஒரு தட்டல்தான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தட்டச்சுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். அதாவது இளநிலை வேகத்தாளில் பத்து நிமிடத்தில் 1,500 தட்டல்கள்.

வகுப்பில் நீங்களே அளந்துகொள்ளலாம். ஐந்து நிமிடத்தில் 900 தட்டல்கள் அடித்தால் 180 சொற்கள், நிமிடத்துக்கு 36. அதில் பத்துப் பிழை இருந்து, பிழைக்கு ஒரு சொல் கழித்தால் மிச்சம் 170, நிமிடத்துக்கு 34. இந்த இரண்டாவது எண்ணைத்தான் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிழைகள் கூடுகிற வாரத்தில் வேகத்தை வேண்டுமென்றே குறையுங்கள். வேகம் பின்னால் வந்துவிடும். அவசரத்தில் விரலில் ஏறிய தவறான பழக்கத்தை இறக்குவதற்கு, புதிதாகப் பழகுவதைவிட அதிக நாளாகிறது.

பயிற்சியின்போது பேக்ஸ்பேஸ் விசையைத் தொடாதீர்கள். எந்த விரல் எங்கே தவறுகிறது என்பதைத் தாளில் கிடக்கும் பிழைகளே காட்டிக்கொடுக்கும். நாள்தோறும் அரைமணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக நான்கு மணி நேரம் உட்கார்வதில் பயனில்லை.

மூன்றாம் படி: தமிழ்த் தட்டச்சு

அலுவலகத்தில் தமிழ்க் கடிதம் அடிக்காமல் தப்ப முடியாது, தப்பவும் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையையே நான் பரிந்துரைப்பேன். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய் வரிசைகள் வலக்கையிலும் இருப்பதால் கைகள் மாறிமாறி இயங்குகின்றன. ஒரே எழுத்தை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். அ, ப, ப, ஆ என்று நான்கு தட்டலில் ‘அப்பா’ வந்துவிடுகிறது. விண்டோஸ் அமைப்புகளின் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

அரசுத் தமிழ்த் தட்டச்சுத் தேர்வுக்குப் பயிலகத்தில் ‘யளனக’ என்று தொடங்கும் தட்டச்சு இயந்திர விசை அமைப்பில் பழகியவர்கள் அதை விடவேண்டாம். அந்த அமைப்பிலும் யூனிகோடில், அதாவது கணினிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டில், அடிக்க மென்பொருள்கள் இருக்கின்றன. எந்த அமைப்பில் அடித்தாலும் எழுத்து யூனிகோடாக இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத்தான் தெரியும்.

நான்காம் படி: வெற்றுத் தாளை ஆயத்தப்படுத்துவது

இனி வேர்டைத் திறக்கலாம். ஓர் எழுத்தும் அடிப்பதற்கு முன் தாளின் அளவைப் பாருங்கள். பல கணினிகளில் அது அமெரிக்க ‘லெட்டர்’ அளவில் இருக்கும். நமக்கு வேண்டியது ஏ4: 210 × 297 மில்லிமீட்டர். நான்கு ஓரமும் 2.54 செ.மீ.; கோப்பில் துளையிட்டுக் கோர்க்கும் கடிதமென்றால் இடது ஓரம் 3.5 செ.மீ. ஆங்கிலத்துக்கு டைம்ஸ் நியூ ரோமன் 12 புள்ளி (பாயின்ட்). தமிழுக்கு நிர்மலா அல்லது லதா 11 புள்ளி.

அடுத்து கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஒவ்வொரு இடைவெளியும் ஒரு புள்ளியாகவும், ஒவ்வொரு டேப்பும் ஓர் அம்பாகவும், ஒவ்வொரு என்டரும் பத்திக்குறியாகவும் திரையில் தெரியும். இந்தக் குறிகள் அச்சில் வராது. அடுத்தவர் அடித்த கடிதம் ஏன் கோணுகிறது என்பதும் இதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: அலங்காரமில்லாமல் முழுக் கடிதத்தையும் அடிப்பது

கல்லூரிக்கு நோட்டுகள் வாங்க ஒரு கொள்முதல் கடிதத்தைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு அலுவலக வழக்கப்படி வரிசை இப்படி இருக்கும்: அனுப்புநர், பெறுநர், கடித எண், நாள், பிறகு ‘ஐயா,’ என்ற விளி. அதன் கீழே பொருள். முந்தைய கடிதம் இருந்தால் பார்வை. பிறகு கடிதத்தின் உடல். கடைசியில் ‘தங்கள் உண்மையுள்ள’, கையெழுத்து, பெயர், பதவி, இணைப்பு, நகல். லெட்டர்ஹெட்டில் அடித்தால் அனுப்புநர் பகுதி வேண்டாம்.

பொருள் வரியை எழுதுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. பெரியதில் தொடங்கிச் சிறியதுக்கு வரவேண்டும்:

பொருள்: எழுதுபொருட்கள் – 200 பக்க நோட்டுகள் – கொள்முதல் செய்தல் – தொடர்பாக.

இந்த ஒரு வரியைப் படித்ததுமே கடிதம் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று தபால் பிரிவு எழுத்தருக்குத் தெரிந்துவிடும். உடலில் மூன்று பத்தி போதும்: ஏன் எழுதுகிறோம், என்ன வேண்டும், எப்போதுக்குள் வேண்டும்.

ஆங்கிலக் கடிதமென்றால் ஃபுல் பிளாக் முறையில் தொடங்குங்கள். எல்லா வரிகளும் இடது ஓரத்திலிருந்தே தொடங்கும். பத்தியின் முதல் வரி உள்ளே தள்ளாது. ‘டியர் சார்’ என்று விளித்தால் முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பெயர் சொல்லி விளித்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’.

அடிக்கும்போது தடித்த எழுத்து, அடிக்கோடு எதுவும் வேண்டாம். பத்தி முடியும்போது மட்டும், ஒரே ஒரு முறை, என்டர். வரி முடிந்தால் கணினியே அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஆறாம் படி: வடிவம் கொடுப்பது

பத்திகளுக்கு நடுவே வெற்று வரி விடுவதற்குப் பதிலாக, பத்தி அமைப்புப் பெட்டியில் ‘ஆஃப்டர்’ என்ற இடத்தில் 10 புள்ளி கொடுங்கள். முகவரி வரிகளுக்கு மட்டும் அதைச் சுழியமாக்குங்கள். கையெழுத்துக்கான இடத்துக்கும் நான்கு என்டர் தட்டவேண்டாம். பெயர் வரிக்கு ‘பிஃபோர்’ 48 புள்ளி கொடுத்தால் போதும். ‘தங்கள் உண்மையுள்ள’ வரியில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டால், அது ஒரு பக்கத்திலும் பெயர் மறுபக்கத்திலுமாகப் பிரியாது.

தமிழ்க் கடிதத்துக்கு இருபக்கமும் சமன்செய்யும் கண்ட்ரோல் ஜேயைத் தவிர்க்கச் சொல்வேன். தமிழில் நீண்ட சொற்கள் மிகுதி. ஒரு நீண்ட சொல் அடுத்த வரிக்குப் போனதும், மிச்சமிருக்கும் மூன்று நான்கு சொற்களை இழுத்துப் பரப்பி, நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழுந்துவிடும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கும் கண்ட்ரோல் எல் படிப்பதற்கு இதமாக இருக்கிறது.

தொகைகளுக்கு அட்டவணை போடுங்கள்:

| பொருள் | எண்ணிக்கை | விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---:|---:|---:|
| 200 பக்க நோட்டு | 250 | 42.50 | 10,625.00 |
| பேனா | 100 | 7.00 | 700.00 |
| மொத்தம் | | | 11,325.00 |

சொற்கள் இடப்பக்கம் ஒட்டியும் எண்கள் வலப்பக்கம் ஒட்டியும் நிற்கவேண்டும். எல்லாத் தொகைக்கும் இரண்டு தசம இலக்கம் இருந்தால் புள்ளிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக விழும். கூட்டிப் பார்ப்பவர் கண் வழுக்காது. லட்சத்தைத் தாண்டும் தொகையில் காற்புள்ளி நம் முறைப்படி வரட்டும்: 1,25,000. தட்டச்சு இயந்திரத்தில் இதே அட்டவணையை அடிப்பவர்கள் ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிக நீளமான சொல்லின் எழுத்துகளை எண்ணி, மிச்ச இடத்தைப் பங்கிட்டுத்தான் தொடங்குவார்கள். அந்தக் கணக்கை ஒரு முறையாவது தாளில் போட்டுப் பாருங்கள். பக்கத்தை அளவோடு பார்க்கும் கண் வாய்க்கும்.

ஏழாம் படி: சரிபார்ப்பது

அச்செடுத்து, தாளில் படியுங்கள். எண்களையும் பெயர்களையும் ஒருவர் மூலத்திலிருந்து உரக்க வாசிக்க, இன்னொருவர் அச்சில் பார்த்துவரட்டும். 10,625 என்பது 10,265 ஆகிவிட்டால் எந்தப் பிழைதிருத்தியும் அதைக் காட்டாது. மின்னஞ்சலில் அனுப்புவதென்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் வைத்தால், ஃபோல்டரில் கடிதங்கள் காலவரிசைப்படி தாமே அடுக்கிக்கொள்ளும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, எழுத்தின் அளவை 14 ஆக்குங்கள். முதல் பத்தியில் ஏதேனும் இரண்டு வரியைச் சேருங்கள். கடிதம் நீள மட்டும் செய்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். ஏதாவது ஒரு வரி மட்டும் கோணிக்கொண்டு நின்றால், அங்கே ஸ்பேஸ் பாரால் நகர்த்திய இடம் ஒன்று இருக்கிறது. கண்ட்ரோல், ஷிப்ட், 8 அழுத்திப் புள்ளி வரிசையைக் கண்டுபிடித்து நீக்குங்கள். அங்கே ஒரு டேப் வைத்துவிட்டு, அதே திருத்தத்தை மூலக் கோப்பிலும் செய்யுங்கள்.