மேக்ரோ படங்களில் கூர்மையைக் கூட்டும் முறை

ஒரு சிறு பூச்சியை 1:1 அளவில், அதாவது அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் பதியும்படி எடுக்க முயல்பவர்களுக்கான விளக்கம் இது. கேமராவை மேனுவல் முறையில் இயக்கத் தெரியும் என்று கொள்கிறேன்.

முதலில் ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸ் வளையத்தை வேண்டிய உருப்பெருக்கத்தில் நிறுத்தி, கேமராவையே மிக மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தி, பூச்சியின் கண் தெளியும் கணத்தில் சில படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள்.

அடுத்தது அபெர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை. பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 1:1 அளவில் எஃப்/8 வைத்தால் கூர்மையாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். அதைக் கூட்டுவதற்காகத் துளையை எஃப்/22 வரை சுருக்கத் தோன்றும். ஆனால் இந்த உருப்பெருக்கத்தில் எஃப் எண்ணின் உண்மையான விளைவு ஏறத்தாழ இருமடங்காகிவிடுவதால், எஃப்/11 என்பது எஃப்/22 போலவும், எஃப்/22 என்பது எஃப்/44 போலவும் செயல்படும். அத்தனை சிறிய துளையில் ஒளியின் விளிம்பு விளைவு (துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது) மேலோங்கி, ஆழம் கூடினாலும் படம் முழுவதும் மங்கிவிடும். ஃபோகஸ் தவறிய படத்தில் முன்னோ பின்னோ ஏதேனும் ஓரிடம் கூர்மையாக இருக்கும். துளை சுருங்கியதால் மங்கிய படத்தில் எங்குமே இராது. எஃப்/8 முதல் எஃப்/11 வரை போதும் என்பதே என் உறுதியான கருத்து. (நிக்கானின் மேக்ரோ லென்ஸ்கள் சிலவற்றில், அருகே நெருங்கும்போது இந்த மாறிய எண்ணையே கேமரா காட்டும், அவற்றைப் பயன்படுத்துவோர் மீண்டும் இருமடங்காக்க வேண்டியதில்லை.)

ஆழத்தைக் கூட்டுவதைவிட, இருக்கும் ஆழத்தை முறையாகப் பயன்படுத்துவதே பலன் தரும். சிறகு மூடிய வண்ணத்துப்பூச்சியைப் பக்கவாட்டில், சென்சார் சிறகுக்கு இணையாக இருக்கும்படி எடுத்தால், அந்த 1 மில்லிமீட்டருக்குள்ளேயே சிறகின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

வெளிச்சத்துக்கு, ட்ரைபாடில் வைத்து ஷட்டரை நீண்ட நேரம் திறந்து எடுப்பதைவிட, டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் திரை) பொருத்திய ஃபிளாஷையே பரிந்துரைக்கிறேன். ட்ரைபாடை விரிப்பதற்குள் பூச்சி பறந்துவிடும். ஃபிளாஷின் திறனைக் குறைத்து வைத்தால் ஒளி மிகக் குறுகிய நேரமே பாய்வதால் கை நடுக்கமும் பூச்சியின் அசைவும் படத்தில் தெரியாது. விலை உயர்ந்த லென்ஸுக்கு முன் நல்ல டிஃப்யூசரை வாங்குங்கள்.

பின்சேர்க்கை: ஃபிளாஷ் பயன்படுத்தியும் விளிம்புகள் இரட்டையாகத் தெரிவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். சுற்றுப்புற வெளிச்சமும் சேர்ந்து பதிவதே காரணம். அதே அமைப்பில் ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது ஏறக்குறைய முழுக் கறுப்பாக வர வேண்டும். வராவிட்டால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள், அல்லது ஃபிளாஷ் ஒத்திசைவு (ஃபிளாஷும் ஷட்டரும் சேர்ந்து இயங்குவது) அனுமதிக்கும் எல்லை வரை ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள்.