சூரைச்செடிக்குக் கீழே

பெரம்பூரில் வீடு. ஆலயமணி கேட்கும் தூரம்தான், ஆனாலும் 4 மாதம் ஆராதனைக்குப் போகவில்லை. மனச்சோர்வில் குளிப்பதே பெரிய வேலையாக இருந்தது. "விசுவாசம் குறைஞ்சிடுச்சு, உபவாசம் இரு" என்றார் ஒருவர். சோறே இறங்காதவனுக்கு உபவாசமாம்!

எங்கள் சபையின் ஆயரம்மா மட்டும் வேறு மாதிரி. பைபிளில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறந்தார். சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தூங்கியவனைத் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், அதுவும் இரண்டு தடவை. "முதல்ல டாக்டர், ஜெபம் கூடவே வரும் தம்பி" என்றவர், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குத் துணைக்கும் வந்தார். மாத்திரை வேலைசெய்யச் சில வாரங்கள் பிடித்தன. ராத்திரி மனம் கனத்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைப்பேன், தமிழிலேயே பேசினார்கள். அப்புறம், பாடகர் குழு அண்ணன் ஒருவர் வியாழன்தோறும் வந்து, ஒன்றும் கேட்காமல் டீ குடித்துவிட்டுப் போவார். போன வாரம் டீ நான் போட்டேன்.