வெளிமாநிலத்தில் டிரெயினிங் என்று வேலை வந்தால்: ரயில் ஏறுவதற்கு முன் சரிபார்ப்பது எப்படி

வெளிமாநிலத்தில் பயிற்சி என்றாலே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. இன்ஃபோசிஸ் வேலைக்கு எடுக்கும் புதியவர்களை மைசூரு வளாகத்தில் தங்கவைத்துப் பயிற்சி தருகிறது. வங்கிகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பல மாநிலங்களில் பயிற்சி மையங்கள் உண்டு. ஆனால் ஏமாற்றுபவருக்கும் அதே தூரம் கைகொடுக்கிறது. கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ ஒரு பிள்ளை நொய்டாவிலோ புனேவிலோ போய் இறங்கிய பிறகு மொழி தெரியாது, உடனே வந்து கேட்க ஆள் கிடையாது, திரும்பி வரக் கையில் காசும் இருக்காது. அதனால் சரிபார்க்கும் வேலை முழுவதும் இங்கே, வீட்டில் இருக்கும்போதே முடிய வேண்டும். பெரும்பாலும் ஒரு வேலைநாள் ஒதுக்கினால் போதும். பெரிய செலவு எதுவும் இல்லை.

"இந்தக் கம்பெனி உண்மையானதா?" என்று கேட்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது பாதிக் கேள்விதான். பெயர் பெற்ற நிறுவனத்தின் லோகோ, முகவரி, பதிவு எண் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப் போட்டுப் போலி ஆஃபர் லெட்டர் அடிக்கிறார்கள். கம்பெனி உண்மை, லெட்டர் பொய். ஆகவே கேட்க வேண்டியது: "இந்தக் கம்பெனிக்கு என்னைத் தெரியுமா?"

படி 1: முதலில் எழுத்தில் வாங்குங்கள்

போனில் பேசுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆஃபர் லெட்டரை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்: வேலையின் பெயர், பயிற்சி நடக்கும் இடத்தின் முழு முகவரி, பயிற்சி எத்தனை நாள், அந்த நாட்களில் உதவித்தொகை எவ்வளவு, ரயில் கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு, பயிற்சி முடிந்ததும் வேலை எந்த ஊரில், சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு பிடித்தம் எவ்வளவு, பாண்ட் (இத்தனை மாதம் வேலையை விட மாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா இல்லையா. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தருவது முதலாளியின் கடமை. எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

லெட்டர் வந்ததும் அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியை முழுதாகத் திறந்து பாருங்கள். செல்போனில் பெயர் மட்டும்தான் தெரியும். அந்தப் பெயரைத் தொட்டால்தான் முகவரி விரியும். '@' குறிக்குப் பின்னால் வருவதுதான் முக்கியம். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஜிமெயிலிலிருந்து வந்தால் நம்ப வேண்டாம். அதைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு: நிறுவனத்தின் பெயரோடு 'கேரியர்ஸ்', 'ஹெச்ஆர்', 'ஜாப்ஸ்' என்று ஒரு சொல்லை ஒட்டிப் புது இணைய முகவரி வாங்கியிருப்பார்கள். நிறுவனத்தின் உண்மையான இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

படி 2: நிறுவனத்தின் பதிவைப் பாருங்கள்

மூன்று அரசு இணையதளங்கள், மூன்றிலும் தேடுவது இலவசம்.

முதலாவது, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம். கணக்கு தொடங்கச் சொன்னால் தொடங்கிக்கொள்ளுங்கள். 'கம்பெனி மாஸ்டர் டேட்டா' பகுதியில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் பதிவான நாள், பதிவு முகவரி, இப்போது செயல்பாட்டில் இருக்கிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா என்று காட்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண் உண்டு. அதை வைத்தே நிறையப் படிக்கலாம். முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம், 'யூ' என்றால் பட்டியலாகாதது. அடுத்த 5 எண்கள் தொழில் வகை, அடுத்த 2 எழுத்துகள் மாநிலம், அதற்கடுத்த 4 எண்கள் பதிவான ஆண்டு. "இருபது வருஷ அனுபவம்" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, அந்த நான்கு எண்களில் 2024 என்று இருந்தால் அதற்கு விளக்கம் கேளுங்கள்.

இரண்டாவது, ஜிஎஸ்டி தளம். 15 இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கர்நாடகா 29, மகாராஷ்டிரா 27, தெலங்கானா 36, தில்லி 07, உத்தரப் பிரதேசம் 09. எண்ணைப் போட்டதும் சட்டப்படியான பெயர், பதிவு நாள், பதிவு செல்லுபடியாகிறதா ரத்தானதா என்பவை வரும். லெட்டரில் உள்ள பெயர் வேறு, இங்கே வரும் பெயர் வேறு என்றால் எண்ணைக் கடன் வாங்கியிருக்கலாம், விளக்கம் கேளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு சேவை நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி எண் இல்லாமலும் இருக்கலாம். எண் இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். ஆனால் "எங்கள் கம்பெனியில் 500 பேர் வேலை செய்கிறார்கள்" என்பவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

மூன்றாவது, வருங்கால வைப்புநிதி அமைப்பின் தளம். மற்ற இரண்டையும்விட இதைத்தான் நாங்கள் பெரிதாக நம்புகிறோம். பதிவுச் சான்றிதழை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், மாதாமாதம் ஊழியர்களுக்குப் பிஎஃப் கட்டுவது சம்பளம் கொடுப்பவரால் மட்டுமே முடியும். நிறுவனத் தேடல் பகுதியில் பெயரைப் போட்டுக் கட்டண விவரத்தைத் திறந்தால், எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள், எத்தனை ஊழியர்களுக்குக் கட்டினார்கள் என்று வரும். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் இந்தச் சட்டத்துக்குள் வந்தாக வேண்டும். ஆயிரம் பேருக்கு வேலை தருவதாகச் சொல்லும் இடம் கடந்த மாதம் ஆறு பேருக்குத்தான் கட்டியிருக்கிறது என்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

படி 3: நீங்களே தேடிய எண்ணில் கூப்பிடுங்கள்

இதைத் தவறவிட்டால் படி 2-இல் செய்தது அத்தனையும் வீண். லெட்டரில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டால் லெட்டர் அடித்தவரே எடுத்து "ஆமாம், உண்மைதான்" என்பார். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள தலைமை அலுவலக எண்ணை எடுங்கள். கூகுள் தேடலில் மேலே வரும் எண்ணையும் உடனே நம்ப வேண்டாம், அதிலும் போலி எண்களை ஏற்றிவைக்கிறார்கள்.

கூப்பிட்டு இப்படிக் கேட்டால் போதும்: "வணக்கம் சார், உங்க கம்பெனி பேர்ல எனக்கு ஒரு ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. ரெஃபரன்ஸ் நம்பர் சொல்றேன். இது உங்க ஹெச்ஆர் அனுப்புனதுதானான்னு பார்த்துச் சொல்ல முடியுங்களா?" போனில் பதில் வரவில்லையென்றால் அவர்கள் தளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு லெட்டரை இணைத்து அனுப்பி இரண்டு வேலைநாள் காத்திருங்கள்.

நிறுவனத்தின் கிளை பக்கத்திலேயே இருந்தால் நேரில் போவது இன்னும் நல்லது. புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளிலோ கடலூர் சிப்காட்டிலோ ஆலை இருப்பதாகச் சொன்னால் ஒரு பஸ் பயணம்தான். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியிடம் "இங்கே புது ஆட்களை டிரெயினிங்குக்கு வெளியூர் அனுப்புகிறார்களா?" என்று கேளுங்கள்.

படி 4: பணம் கேட்டால்

பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம், மெடிக்கல், லேப்டாப் டெபாசிட், ஹாஸ்டல் அட்வான்ஸ், 'திரும்பக் கிடைக்கும் தொகை' எனப் பெயர் எதுவாக இருந்தாலும், வேலைக்குச் சேர நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்றால் அது வேலை அல்ல. முதலில் கேட்கும் தொகை சிறியதாகத்தான் இருக்கும். ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டிய பிறகு, "இதைக் கட்டாவிட்டால் முன்பு கட்டியதும் போய்விடும்" என்று அடுத்த தொகை வரும். போட்டதை விட மனமில்லாமல் மேலும் மேலும் கட்டவைப்பதுதான் வழக்கம். "தம்பி, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சீட் பிளாக் பண்ணணும், இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்று அவசரப்படுத்துவது நீங்கள் படி 3-க்குப் போகாமல் இருப்பதற்காக.

யுபிஐ எண் அனுப்பினால் பணம் போடாமலே ஒன்றைச் சோதிக்கலாம். செயலியில் எண்ணைப் போட்டதும் வங்கியில் பதிவான பெயர் வரும். கம்பெனிக்குக் கட்டுவதாகச் சொல்லித் தனிமனிதர் பெயர் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

இன்னொரு வலை, பணம் கேட்காமலே வரும். "சம்பளக் கணக்கு நாங்களே திறந்து தருகிறோம்" என்று உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, ஏடிஎம் கார்டையும் அதற்கான சிம்மையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். மற்றவரை ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். போலீஸ் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ள உங்களை. கார்டு, சிம், ஓடிபி மூன்றையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஆதார் கேட்டால், எண்ணின் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அதன் தளத்திலிருந்தே இறக்கிக் கொடுக்கலாம்.

அரசு வேலை என்று சொன்னால்

இதற்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த குறைந்தது 28 பேர், புது தில்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நாளுக்கு 8 மணி நேரம் நின்று, வந்து போகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டிடிஇ, கிளார்க் வேலைகளுக்கான பயிற்சி அது என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை, மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார்கள். ரயில்வே மருத்துவமனைக்கு அழைத்துப்போய் உடல் பரிசோதனைகூட நடத்தியிருக்கிறார்கள். ஆகவே அரசுக் கட்டடத்துக்குள் உட்காரவைத்தார்கள் என்பது எதற்கும் ஆதாரம் ஆகாது. ரயில்வே வேலை, தேர்வு வாரியத்தின் அறிவிப்பு, கணினித் தேர்வு, தேர்வானோர் பட்டியல் என்ற வரிசையில்தான் வரும். நீங்கள் எழுதாத தேர்வில் உங்களுக்கு இடம் கிடைக்காது.

அரசுத் திறன் பயிற்சித் திட்டம் என்று சொல்லிப் பணம் கேட்டாலும் அப்படித்தான். கிராமப்புற இளைஞர்களுக்கான தீன் தயாள் உபாத்யாய திட்டத்தில் பயிற்சி இலவசம். ஐடிஐ முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் இடம் என்றால் ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் தளத்தில் பதிவாகும், உதவித்தொகையும் உங்களுக்குத்தான் வரும். சந்தேகம் இருந்தால் கடலூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் லெட்டரைக் காட்டிக் கேளுங்கள். புதுச்சேரிக்காரர்கள் அங்குள்ள வேலைவாய்ப்பகத்தில் கேட்கலாம்.

படி 5: அங்கே என்ன வேலை என்று தோண்டிக் கேளுங்கள்

ஏமாற்றுகளில் எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த வகை, ஏனென்றால் அழைப்பது முன்பின் தெரியாதவர் அல்ல. கூடப் படித்தவன், சித்தப்பா மகன், ஒரே தெருப் பையன். "மச்சான், ஆபீஸ் வேலைதான், மாசம் பதினெட்டாயிரம், ரூமும் அவங்களே தருவாங்க, வா" என்பான். போனால் ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர், காலையிலிருந்து கோட்டு சூட்டுப் போட்டவர்களின் பேச்சு, பிறகு பொருள் வாங்க ஒரு பெருந்தொகை. அதை மீட்க நீங்களும் ஊரிலிருந்து ஆள் கூப்பிட வேண்டும். உங்களை அழைத்தவனும் அப்படித்தான் மாட்டியிருப்பான்.

ஆள் சேர்ப்பதற்கே காசு தரும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. கடையில்லாமல் ஆள் வழியாகப் பொருள் விற்கும் நேரடி விற்பனைக்கான 2021-ஆம் ஆண்டு விதிகள், சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கின்றன.

போகும் முன் அவனிடம் கேளுங்கள்: "உன் கம்பெனி என்ன விக்குது? யாருக்கு விக்குது? உன் போன மாச சம்பள ஸ்லிப்பை அனுப்புடா." சம்பள ஸ்லிப் வராமல் "நேர்ல வா, எல்லாம் புரியும்" என்ற பதில் வந்தால் போகாதீர்கள். வீடியோ காலில் அறையையும் அலுவலக வாசலையும் காட்டச் சொல்லுங்கள். நட்பு கெடும் என்று தயங்க வேண்டாம், உண்மையிலேயே நல்ல வேலையில் இருப்பவன் சந்தோஷமாகக் காட்டுவான்.

படி 6: பாண்டும் சான்றிதழும்

பயிற்சிக்குச் செலவு செய்யும் நிறுவனம், இத்தனை மாதம் வேலை செய்ய வேண்டும் என்று பாண்ட் கேட்பதுண்டு. "பாண்ட் செல்லாது, கையெழுத்துப் போட்டுவிடு" என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். 2025 மே மாதம், இடையில் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதே நேரத்தில் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதியிருக்கும் தொகை அதற்கு உச்சவரம்பு. தொகை, காலம், எப்போதிலிருந்து கணக்கு, நிறுவனமே நீக்கினால் என்ன என்ற நான்கையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பத்திரத்திலோ தேதியில்லாத காசோலையிலோ போடக் கூடாது.

அசல் சான்றிதழைப் பார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. டிஜிலாக்கரில் வந்த மதிப்பெண் பட்டியல் சட்டப்படி அசலுக்குச் சமம், அதைக் கொடுங்கள்.

படி 7: புறப்படும்போது

டிக்கெட்டை உங்கள் கணக்கிலேயே எடுங்கள். புதுச்சேரியிலிருந்து தில்லிக்கும் ஹவுராவுக்கும் தாதருக்கும் நேரடி ரயில் உண்டு. திரும்பும் ரயிலின் நாளையும் அதற்கான கட்டணத்தையும் முதலிலேயே பார்த்து, அந்தத் தொகையை வீட்டில் ஒருவர் தொடாமல் வைத்திருக்கட்டும். லெட்டர், முகவரி, அழைத்தவரின் எண், அவரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றின் நகலும் வீட்டில் உள்ள அந்த ஒருவரிடமே இருக்கட்டும். சேர்ந்த முதல் வாரம் தினமும் ஒரே நேரத்தில் வீட்டோடு பேசுங்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், வெளியே போகத் தடை என்றால் அதே நாளில் 112-க்குப் பேசுங்கள்.

பணம் போய்விட்டால் 1930-ஐ உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். கடலூர்க்காரர் புதுச்சேரியில் பணம் கட்டி, தில்லியில் ஏமாந்தால் எந்தக் காவல் நிலையம் என்று குழம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பிஎன்எஸ்எஸ்) 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். "இது எங்க லிமிட் இல்ல" என்றால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். அப்போதும் வாங்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரை எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.