2 வண்டி, 11 பேர், 4 வாண்டுகள்: பெரிய குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் போவது எப்படி

போன விடுமுறைக்கு முந்தின விடுமுறையில் எங்கள் வீட்டு ஆட்கள் 11 பேர் இரண்டு வண்டியில் கிளம்பினோம். நான், என் கணவர், அம்மா, அப்பா, 7 வயது மகள், 10 மாதக் கைக்குழந்தை என 6 பேர் பெரிய வண்டியில். அக்கா, மாமா, அவர்களுடைய 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன், என் தம்பி என 5 பேர் சின்ன வண்டியில். நடுவழியில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிட்டோம். அந்தக் கதை நான்காம் படியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேரே அங்கே போய்விடுங்கள். மற்றதையெல்லாம் போகிற போக்கில் நீங்களே கற்றுக்கொள்ளலாம், அதை மட்டும் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

எங்கே போவது, எங்கே தங்குவது எல்லாம் முடிவாகிவிட்டது, வண்டியை மெக்கானிக்கிடம் காட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: யார் எந்த வண்டியில்

சொந்தத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், சைல்டு சீட்டை வைத்துப் பிரியுங்கள். முதலில் குழந்தைகளின் இருக்கைகளை வண்டியில் பொருத்திப் பாருங்கள். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் பெரியவர்கள். பின்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம் என்று வண்டிப் புத்தகம் சொல்லும். இரண்டு சைல்டு சீட் போட்டபின் நடுவில் ஒரு பெரியவர் உட்கார முடிகிறதா என்று கிளம்புகிற காலையில் பார்த்தால் அங்கேயே சண்டை ஆரம்பிக்கும். இரண்டு நாள் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். பெரிய வண்டிகளின் கடைசி வரிசையில் சைல்டு சீட்டை மாட்டும் கொக்கி இல்லாமலே போகலாம், அதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சீட் சரியாகப் பொருந்தியதா என்பதற்கு நான் செய்கிற இரண்டு சோதனை: பெல்ட் நுழைகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக்கூடாது. குழந்தையை உட்காரவைத்துப் பட்டையைப் போட்டபின், தோளெலும்புக்குப் பக்கத்தில் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு சிக்கக்கூடாது. தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தால் இரண்டாவது சோதனை பொய் சொல்லும், அதனால் கழற்றிவிட்டுப் பட்டையைப் போட்டு, மேலே போர்த்திவிடுங்கள்.

கைக்குழந்தை பின்நோக்கித்தான் உட்கார வேண்டும். சைல்டு சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை. சீட்டின் எடை, உயர வரம்பு அனுமதித்தால் அதற்கு அப்புறமும் அப்படியே விடுவது நல்லது. முன்னால் ஏர்பேக் வேலை செய்கிற இருக்கையில் பின்நோக்கிய சீட்டை வைக்கவே வைக்காதீர்கள். "மடியில் வெச்சிக்கிறேன், நாங்க எல்லாம் பிள்ளை வளர்க்கலையா?" என்று அம்மா கேட்டார். கேட்பார்கள். பிரேக் அடித்தால் எந்தக் கையாலும் பிடிக்க முடியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை வாதத்துக்குப் போகாமல் குழந்தையைச் சீட்டில் மாட்டிவிடுங்கள்.

படி 2: நேரக் கணக்கு

மேப் 6 மணி நேரம் என்றால் நான் 9 மணி நேரம் என்று எழுதிக்கொள்வேன். ஒன்றரை மடங்கு. மேப்புக்குப் பசிக்காது, டயப்பர் மாற்ற வேண்டியதில்லை, முழங்கால் வலிக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 20 நிமிடம். கைக்குழந்தையைச் சீட்டிலிருந்து எடுத்து நீட்டிப் படுக்கவைக்கவும் இந்த இடைவெளி வேண்டும்.

"ராத்திரியே கிளம்பிட்டா பிள்ளைங்க தூங்கிடும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். தூங்கும்தான், கூடவே ஓட்டுகிறவருக்கும் தூக்கம் வரும். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பகல் முழுக்க வேலை பார்த்து, மூட்டை கட்டி, ராத்திரி 11 மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறார். நாங்கள் விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். முந்தின ராத்திரி மூட்டை கட்டும் வேலை ஓட்டுநருக்குக் கிடையாது, அவர் ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும். இதனால் எனக்கு வேலை கூடுகிறது என்பது உண்மை.

இரண்டு வண்டியும் ஒன்றன் பின்னால் ஒன்றாகப் போக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். பின்னால் வருகிறவர் முன்வண்டியைத் தவறவிடக் கூடாதென்று சிக்னலைத் தாண்டுவார், முன்னால் போகிறவர் சாலையைப் பார்க்காமல் கண்ணாடியையே பார்ப்பார். அடுத்து எங்கே சந்திப்பது என்று இடத்தை முடிவுசெய்யுங்கள், அவரவர் வேகத்தில் வாருங்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 8 மணி நேரத்துக்குப் போட்டுவிட்டால் போதும். வழியில் போன் சிக்னல் இல்லாத பகுதி இருந்தால் அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பக் குழு பயணத்துக்கு உதவாது. போட்டோவுக்கும் ஸ்டிக்கருக்கும் நடுவில் "டயர் பஞ்சர்" என்ற செய்தியை யாரும் பார்க்கவில்லை. வண்டிக்கு ஒருவர், அதுவும் ஓட்டாத ஒருவர், ஆக இரண்டே பேர் உள்ள குழுவை ஆரம்பியுங்கள். வாக்கிடாக்கியும் வாங்கிப் பார்த்தோம், முதல் மணி நேரத்திலேயே பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டார்கள். வாங்காதீர்கள்.

படி 3: மூட்டை

இதில் ஒரே விதி. எல்லா வண்டியிலும் எல்லாம் இருக்க வேண்டும். தண்ணீர், ஈரத் துடைப்பான், மாற்று உடை, குப்பைப் பை, ஒருவேளைக்கான டயப்பர், முதலுதவிப் பெட்டி. டயப்பர் ஒரு வண்டியிலும் குழந்தை இன்னொரு வண்டியிலும் 40 கிலோமீட்டர் தள்ளிப் போன அனுபவம் எங்களுக்கு உண்டு. இந்தப் பையை டிக்கியில் போடாதீர்கள், முன்சீட்டுக்காரரின் காலடியில் இருக்கட்டும்.

கூரைமேல் சாமான் கட்டுவது எனக்குப் பிடிக்காது, வளைவில் வண்டி ஆடும். துணியைக் குறையுங்கள். பல வண்டிகளில் ஓட்டுநர் கதவுத் தூணில் டயர் காற்றளவு ஒட்டியிருக்கும், முழுப் பாரத்துக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதைப் பார்த்து டயர் சூடாகும் முன்பே அடித்துக்கொள்ளுங்கள். பின்கதவின் சைல்டு லாக்கை நீங்களே போட்டு, உள்ளே உட்கார்ந்து திறக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: நிறுத்தத்திலிருந்து கிளம்புவது

எங்களைக் கவிழ்த்தது இதுதான், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதல் நிறுத்தத்தில் அக்கா பையன், "நான் தாத்தா கூட வரேன்" என்று அழுதான். எங்கள் வண்டியில் ஓர் இடம் காலி, ஏற்றிக்கொண்டோம். அவனுடைய சீட்டை மாற்றாமலே ஏற்றினோம், அது தனித் தப்பு. இரண்டாவது நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினோம், கழிப்பறை, டீ, பால் புட்டி கழுவுவது என்று அரை மணி நேரம் ஓடிவிட்டது. கிளம்பும்போது அப்பா எங்கள் வண்டியில் தலையை எண்ணினார். "ஆறு. சரி, எடுங்க மாப்பிள்ளை." அக்கா அவர்கள் வண்டியில் எண்ணினாள். நாலு. பையன் தாத்தாவோடு இருக்கிறான், எனவே நாலு சரிதான்.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். எங்கள் வண்டிக்குக் காலையில் பேசிவைத்த கணக்கு ஆறு. பையன் ஏறியபின் ஏழாகியிருந்தது. அப்பாவின் மனதில் பழைய ஆறு, அக்காவின் மனதில் புதிய நாலு. இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் எண்ணினார்கள், இரண்டு பேருக்கும் கணக்கு சரியாகவே வந்தது.

14 நிமிடம் கழித்து அக்காவின் போன். "தூங்கிட்டானா?"

"யாரு?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் கணவர் ஒன்றும் பேசாமல் இண்டிகேட்டரைப் போட்டார். ஆனால் திரும்பும் இடம் வர இன்னும் 9 கிலோமீட்டர் இருந்தது. அந்த 9 கிலோமீட்டரில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் குழாயடியில், முன்பின் தெரியாத ஒரு பாட்டியின் விரலைப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பில் தண்ணீர் பிடித்து இன்னொரு செருப்பில் ஊற்றிக்கொண்டிருந்தான். அழவில்லை. கிளம்புமுன் அக்கா அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் நாங்கள் செய்வது இதுதான்:

1. ஒவ்வொரு வண்டியின் டேஷ்போர்டிலும் ஒரு காகிதம், அந்த வண்டிக்காரர்களின் பெயர்களோடு. பென்சிலில் எழுதியது, ஆள் மாறினால் அழித்து எழுதலாம். இதற்கு ஆப் வேண்டாம், போனை எடுத்தால் வேறு எதையாவது பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம்.

2. கிளம்பும் முன் எண்ணுவதில்லை, பெயர் கூப்பிடுகிறோம். ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பவர் அதன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்.

3. பிள்ளை வண்டி மாறினால் சீட்டும் மாறும், இரண்டு காகிதத்திலும் பெயர் மாறும். இவ்வளவு வேலை என்றதும் வண்டி மாற்றுவது தானாகவே குறைந்துவிட்டது.

4. நிறுத்தத்தில் இறங்கியவுடன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு பெரியவர் பொறுப்பு. "எல்லாரும் பார்த்துக்கோங்க" என்று சொல்வதே இல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால், "இவனை உன்கிட்ட விடுறேன்" என்று சொல்லி, "சரி" என்ற பதிலைக் காதால் கேட்டபிறகுதான் போகலாம்.

5. இரண்டு ஓட்டுநரும் ஒருவருக்கொருவர் கட்டைவிரலைக் காட்டிய பிறகே கியர்.

பெரியவர்களின் போன் எண்ணைப் பிள்ளைகளின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுவதும் உண்டு. வியர்வையில் அழியும், மதியத்துக்கு மேல் ஒரு தடவை பார்த்து எழுதுங்கள்.

*பின்சேர்க்கை:* 12 வயதுக்காரர்கள் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல வெட்கப்படுகிறார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். காகிதத்தை அவர்கள் கையில் கொடுத்துக் கூப்பிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அக்கா பெண்தான் அதிகாரி. விட்டுப்போன அந்த வீரர் இப்போதும் தன் பெயரைக் கூப்பிட்டால் "குழாயடியில இருக்கேன்" என்றுதான் பதில் சொல்கிறார்.

படி 5: வாந்தி

வண்டி ஓடுவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது, கண்ணோ கையிலுள்ள போனில் அசையாத படத்தைப் பார்க்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். 2 முதல் 12 வயது வரை இது அதிகம். அதனால் வளைவுப் பாதையில் போனும் புத்தகமும் கிடையாது. வெளியே தூரத்தில் பார்க்கவைத்து, சிவப்பு லாரி எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். காலி வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிட்ட வயிறும் ஆகாது. மாத்திரை வேண்டுமானால் டாக்டரிடம் அளவு கேட்டுத்தான்.

பிளாஸ்டிக் பை வேண்டாம், வாய் அகன்ற மூடி போட்ட டப்பா வைத்துக்கொள்ளுங்கள். பையைப் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓடுகிற வண்டியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கடலை, திராட்சை, கடினமான மிட்டாய் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கினால் வண்டியை ஓரம்கட்டும் வரை ஒன்றும் செய்ய முடியாது.

படி 6: தாத்தா பாட்டி

மருந்து டிக்கியில் போகக்கூடாது. இன்சுலினை டேஷ்போர்டிலோ வெயில் படும் ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள். சிறுநீர் போக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் பயண நாளில் எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா எங்களைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று தண்ணீரே குடிக்காமல் வந்தார், சாயங்காலம் தலைசுற்றல். இப்போது நிறுத்தங்களை அம்மாவுக்காக என்று சொல்வதில்லை, "எனக்கு இறங்கணும்" என்று நானே சொல்லிவிடுகிறேன். இறங்கினால் ஐந்து நிமிடமாவது நடக்கச் சொல்லுங்கள், மணிக்கணக்கில் மடக்கிய கால் வீங்கும்.

பணம்: வழியில் ஒருவரே எல்லாவற்றுக்கும் கொடுக்கட்டும், கணக்கை ஸ்பிளிட்வைஸ் என்ற செலவு பங்கிடும் ஆப்பில் போடுங்கள், வீட்டுக்கு வந்து தீர்த்துக்கொள்ளலாம். கல்லாவுக்கு முன்னால் மாமாவும் தம்பியும் "நான் கொடுக்கிறேன்" என்று மல்லுக்கட்டும் நேரத்தில் பிள்ளைகள் சாலைப் பக்கம் போய்விடுகிறார்கள்.

படி 7: போய்ச் சேர்ந்ததும்

முதலில் எழுதியபோது இந்தப் படியே கிடையாது. படித்துவிட்டு ஒருவர் தங்கள் வீட்டில் நடந்ததை எழுதினார். ராத்திரி போய்ச் சேர்ந்து, ஆளுக்கொரு பையோடு உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையை வண்டியிலேயே விட்டுவிட்டார்களாம். சித்தி எடுத்திருப்பாள் என்று அம்மா, அம்மா எடுத்திருப்பாள் என்று சித்தி. குளிர்ந்த இரவு, சில நிமிடத்தில் நினைவு வந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை.

பகலாக இருந்திருந்தால் கதை வேறு. வெயிலில் நிற்கும் வண்டியின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது, சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். எனவே காகிதத்தைக் கடைசி நிறுத்தத்திலும் எடுங்கள். முதலில் பிள்ளைகள் இறங்குகிறார்கள், பெயர் கூப்பிடுகிறோம், அப்புறம்தான் டிக்கி திறக்கும். ஓட்டுநர் பின்கதவைத் திறந்து ஒவ்வொரு வரிசையையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார்.

*இன்னொரு பின்சேர்க்கை:* வாடகை வண்டி எடுத்தால் சைல்டு சீட் அவர்களே தருவார்களா என்று பலர் கேட்கிறீர்கள். சொன்னாலும் நம்பிப் போகாதீர்கள். எங்களுக்கு ஒரு தடவை 10 மாதக் குழந்தைக்கு, பெரிய பிள்ளைகளுக்கான பூஸ்டரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பழகின சீட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். வண்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் முன்பே அதில் மாட்டிப் பாருங்கள்.