பின் கிராஸ்மெம்பர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் பக்கம் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் பார்த்த ஆல் வீல் டிரைவ் வண்டியைத் தூக்கினால் முதலில் பார்க்க வேண்டியது பின் கிராஸ்மெம்பர். பின்சக்கர ஆர்ம்களையும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் தாங்கும் குறுக்குச் சட்டம் அது; தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த பெட்டி. உப்புச் சேறு உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் ஒழுங்காக இருக்கும்; சுத்தியலால் தட்டினால் மட்டும் 'டங்' என்று ஒலிக்காமல் 'டப்' என்று அடங்கும். ஸ்க்ரூடிரைவர் நுனி உள்ளே இறங்கிவிட்டால் ஒட்டுப் போடும் பேச்சே வேண்டாம், மாற்றத்தான் வேண்டும்.

புதிதாகச் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள் வருடா வருடம் மாறுவதே இல்லை. நாங்கள் எல்லோரும் சறுக்கிய இடங்கள்தான். ஏ.பி.எஸ். ஒயரை அறுப்பது, ஹேண்ட் பிரேக் கேபிளை மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். ஒருமுறை பட்டால் மறக்காது.

எடுத்த எடுப்பில் இம்பாக்ட் கன்

கிராஸ்மெம்பரைப் பாடியோடு பிடிக்கும் பெரிய போல்ட்டுகளுக்கு நட் பெரும்பாலும் பாடி ரெயிலுக்குள்ளேயே இருக்கும். துருவேறிய போல்ட்டில், அடித்து அடித்துச் சுழற்றும் இந்தக் கன்னை வைத்து அடித்தால் ஒன்று போல்ட் முறியும், இல்லையென்றால் நட் பிய்த்துக்கொண்டு உள்ளேயே சுற்றும். அப்புறம் டிக்கித் தரையை வெட்டித்தான் அதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். நீண்ட கைப்பிடி போட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள், பாதியளவு திரும்ப இறுக்குங்கள், எண்ணெய் விடுங்கள், மறுபடி தளர்த்துங்கள். போல்ட் நகராமல் ரப்பர் போலக் கைக்குள் வளைந்து கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த இழுப்பில் முறிந்துவிடும். சூடு காட்டுவதென்றால் இண்டக்ஷன் ஹீட்டர். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்கும்போது தீச்சுவாலை கூடவே கூடாது.

பின்பாரம் இறங்கினால் முன்பாரம் சாயும்

டூ போஸ்ட் லிஃப்டில் டிஃபரென்ஷியலோடு கிராஸ்மெம்பர் கீழே வந்தால் வண்டி முன்பக்கம் கவிழப் பார்க்கும். இறக்கும் முன்பே பாடியை லிஃப்ட் கையோடு பட்டை போட்டுக் கட்டுங்கள்.

குறி போடாமல் கழற்றுவது

பின்பக்கத்துக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஃபிளேஞ்சில் பெயிண்ட் குறி, டோவைச் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) சரிசெய்யும் கேம் போல்ட்டில் குறி, பாடியில் வாஷர் உட்கார்ந்த தடத்தைச் சுற்றி ஒரு கோடு. கிராஸ்மெம்பர் ஓட்டைகளில் கொஞ்சம் இடைவெளி உண்டு. கோணலாக உட்கார்ந்துவிட்டால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். கழற்றிய ஷாஃப்டைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டுங்கள், இல்லாவிட்டால் நடு ஜாயிண்ட் அடிபடும்.

கேம் போல்ட் பல வண்டிகளில் ஆர்ம் முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷின் உள் குழாயோடு ஒன்றாகத் துருப்பிடித்திருக்கும். அதை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். புதிய போல்ட், கேம் வாஷர், நட் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

வண்டி தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்குவது

இத்தனை வருடம் கழித்தும் எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். புதியவர்கள் மட்டுமில்லை, கைதேர்ந்தவர்களும் செய்கிறார்கள். சக்கரம் கழன்றிருக்கிறது, போல்ட் கைக்கு எட்டுகிறது, கன் கையில் இருக்கிறது. எல்லா ஆர்மையும் முழு இறுக்கம் கொடுத்துவிட்டு வண்டியை இறக்குகிறார்கள்.

ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ் பேரிங் போலச் சுழல்வதில்லை. உள் குழாய்க்கும் வெளிக் குழாய்க்கும் நடுவே ரப்பர் ஒட்டப்பட்டிருக்கிறது. போல்ட்டை இறுக்கியதும் பிராக்கெட்டின் இரு காதுகளும் உள் குழாயைக் கவ்விக்கொள்ளும். அதன்பின் ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்குவதால் மட்டுமே. 40 செ.மீ. நீள ஆர்மின் சக்கர முனை 8 செ.மீ. தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் 11 பாகைக்கு மேல் முறுக்கியபடி நிற்கும். பள்ளத்தில் விழுந்தால் அதற்கும் மேல்.

முதலில் வண்டியின் பின்பக்கம் சற்றே உயர்ந்து நிற்கும். அந்த உயரத்தில் வீல் அலைன்மெண்ட் செய்வார்கள், எண்கள் சரியாகவே வரும். பிறகு ரப்பர் கிழியும், பின்பக்கம் தணியும், டோ மாறும், டயரின் உள்விளிம்பு தேயும். பழி அலைன்மெண்ட் செய்தவர் தலையில் விழும். ஆல் வீல் டிரைவில் கணக்கு அதோடு முடியாது. நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்பது சுபாரு வண்டிகளுக்குச் சொல்லப்படும் அளவு. டிரெட் ஆழத்தில் அது வெறும் 1 மி.மீ. அதைத் தாண்டினால் முன்னும் பின்னும் வேகம் ஒத்துப்போகாமல், இரண்டையும் இணைக்கும் நடு கப்ளிங் ஓயாமல் சூடாகும். ஒரு ரப்பரில் தொடங்கியது நான்கு டயரில் போய் நிற்கும்.

சரியான முறைக்குக் கூடுதலாக அரைமணி நேரம் போதும். வண்டியைத் தூக்கும் முன்பே, சமதரையில், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை டேப் வைத்து அளந்து, காகித டேப்பில் எழுதி ஃபெண்டரிலேயே ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக. மாட்டும்போது புஷ் போல்ட்டுகள் எல்லாம் கை இறுக்கம் மட்டும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வரும் வண்டியில் ஷாக்கின் அடிப் போல்ட்டை மாட்டாமல் விட்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை ஜாக்கியால் அந்த அளவுக்கு ஏற்றுங்கள். ஸ்பிரிங் எதிர்க்காததால் லேசாக ஏறும். அங்கே வைத்து டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஷாக்கின் அடிப் புஷ்ஷும் ரப்பர்தான். அதன் போல்ட்டை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது முடியுங்கள். ஸ்பிரிங் தனியாக இருக்கும் வண்டியில், சக்கரத்தை மாட்டிச் சாய்தளத்தில் ஏற்றி, அடியில் படுத்து எல்லாவற்றையும் இறுக்குவதே பாதுகாப்பு.

போல்ட்டில் கிரீஸ் தடவி அதே டார்க்

உராய்வு குறைந்தால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும். மேனுவல் உலர்ந்த இழை என்றால் உலர்ந்தே இருக்கட்டும்.

டிஃபரென்ஷியல் பிரீதர் குழாய்

டிஃபரென்ஷியலுக்குள் காற்று போய்வரும் இந்தக் குழாயை மறக்காமல் மறுபடி மாட்டுங்கள். அது மடங்கி அடைபட்டால் சூட்டில் காற்று வெளியேற வழியின்றி, ஆக்சில் சீல் வழியே எண்ணெய் கசியும்.