போரிஸ் வியானை வாசிக்கத் தொடங்குவது எப்படி?

நாவலாசிரியர், ஜாஸ் குழுவில் ட்ரம்பெட் வாசித்தவர், பாடலாசிரியர், பாடகர், 1946-ஆம் ஆண்டில் சிறிது காலம் தூரிகையும் பிடித்தவர் என்று பிரெஞ்சு எழுத்தாளர் போரிஸ் வியானை அறிமுகப்படுத்தும்போது, 39 வயதில் மறைந்த ஒருவரால் இத்தனையும் எப்படி முடிந்தது என்ற வியப்பிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். வியப்பது நியாயமே, ஆனால் அது வாசிப்புக்கு உதவுவதில்லை. அவருடைய நாவலுக்குள் இசை ஒரு கட்டுமானப் பொருளாக இருக்கிறது என்பதை உணர்ந்துகொண்டு, முதலில் காதையும் பிறகு கண்ணையும் தயார்செய்தபின் பக்கங்களைத் திறப்பதே நல்ல வழி.

தொடங்க வேண்டிய நூல் 1947-இல் வெளிவந்த 'லெகூம் தே ழூர்' (நாட்களின் நுரை) என்ற நாவல். ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் ஸ்டான்லி சாப்மனின் மொழிபெயர்ப்பையோ பிரையன் ஹார்ப்பரின் மொழிபெயர்ப்பையோ எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன், அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் குழுவினர் 1940-இல் பதிவுசெய்த 'க்ளோயி' என்ற இசைத்தட்டை இரண்டு மூன்று முறை கேளுங்கள். தொடக்கத்தில் ஜோ நான்டனின் ட்ராம்போன், குழலின் வாய் அடைபட்டும் திறந்தும், மனிதக் குரல் விம்முவதுபோல ஒலிக்கும். நாவலின் நாயகிக்கு அதே பெயர்தான். முதன்முதலாக அவளைச் சந்திக்கும் நாயகன் கொலேன், தடுமாற்றத்தில், உங்களை இசைக்கோவையாக ஒழுங்குபடுத்தியவர் டியூக் எலிங்டனா என்று கேட்டுவிடுகிறான். அந்தக் கேள்வியின் வெட்கமும் பரவசமும், பாட்டைக் கேட்டிருப்பவருக்கே முழுமையாகப் போய்ச் சேரும். அந்தப் பாட்டின் துணைத் தலைப்பு சதுப்பு நிலத்தின் பாட்டு என்பதையும் நினைவில் வைத்திருங்கள். நாயகியின் நுரையீரலில் ஒரு அல்லி வளர்ந்து, வீடே மெல்ல ஈரமேறிச் சேறாகிற பின்பகுதியை வாசிக்கும்போது அதன் பொருள் விளங்கும்.

முன்னுரையை யாரும் தவிர்க்கக் கூடாது. அழகிய பெண்களுடனான காதலும், நியூ ஆர்லியன்ஸ் அல்லது எலிங்டன் இசையும் தவிர மற்றவையெல்லாம் மறைந்துபோக வேண்டும் என்று அங்கே அறிவிக்கும் வியான், அதன் கீழே நியூ ஆர்லியன்ஸ், 1946 மார்ச் 10 என்று இடமும் நாளும் குறித்திருக்கிறார். மார்ச் 10 அவருடைய பிறந்த நாள். அமெரிக்க மண்ணிலோ அவர் வாழ்நாளில் கால் வைத்ததே இல்லை. இசையின் வழியாக மட்டுமே அறிந்த ஓர் ஊரில் தம்மைப் பிறக்கவைத்துக்கொண்ட கலைஞர் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அடுத்து, பியானோவையும் பானக் கலவையையும் இணைக்கும் 'பியானோக்டெயில்' என்ற கருவி வரும் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மது அல்லது நறுமணச் சாறு; ஒரு மிதிகட்டை அடித்த முட்டைக்கு, மற்றொன்று பனிக்கட்டிக்கு; சோடா வேண்டுமென்றால் மேல் ஸ்தாயியில் சுரத்தை அதிரவைக்க வேண்டும்; சுரம் நீளும் அளவுக்குப் பானத்தின் அளவும் கூடும். வேகமும் சூடும் மிகுந்த ஜாஸை வாசித்தால் கலவைக்குள் ஆம்லெட் துண்டுகள் விழுந்துவிடும் என்ற குறையையும் கொலேன் மறைக்காமல் சொல்கிறான். பொறியியல் படித்து, பிரான்சின் தரநிர்ணய நிறுவனமான அஃப்னோரில் பணியாற்றியவரின் கை இங்கே தெரிகிறது. கற்பனை எவ்வளவு தூரம் போனாலும், அதன் இயங்குமுறை துல்லியமாக இருக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை.

காதுக்குப் பிறகு கண். கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, அறைகளின் வடிவமும் வெளிச்சமும் மாறுகிற இடங்களையெல்லாம் குறித்துவாருங்கள். ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸஃபோன் ஒலிக்கும் 'த மூட் டு பி வூட்' இசைத்தட்டு சுழலும்போது அறையின் மூலைகள் வளைந்து உருண்டையாகின்றன. நோய் முற்ற முற்றச் சுவர்கள் நெருங்குகின்றன, ஜன்னல்கள் சிறுக்கின்றன, வெளிச்சம் உள்ளே வர மறுக்கிறது. துயரம் என்ற சொல்லை எழுதாமலே அதை அறையின் அளவாக மாற்றிக் காட்டும் இந்த முறையில்தான் அவருக்குள் இருந்த ஓவியரைக் காண்கிறேன். தீட்டிய படங்கள் சிலவே என்பதால், அவற்றைத் தேடுவதைவிட இந்தப் பக்கங்களை மறுபடி படிப்பது பலன் தரும்.

பாடல்களில் 1954-இல் எழுதப்பட்ட 'லெ தெஸெர்த்தர்' (படையைவிட்டு ஓடியவன்) முதலில் வரட்டும். போருக்குப் போக மறுக்கும் ஒருவன் குடியரசுத் தலைவருக்கு எழுதும் கடிதம் அது. முதல் வடிவத்தின் இறுதியில், தன்னிடம் ஆயுதம் இருக்கும், தனக்குச் சுடத் தெரியும் என்று அவன் எச்சரித்தான். பாடகர் முலூஜியின் தலையீட்டுக்குப் பின், தன்னிடம் ஆயுதம் இருக்காது, காவலர்கள் சுடலாம் என்று முடிவு மாறியது. முலூஜியின் பதிவையும் வியானே பாடிய பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

1946-இல் வெர்னன் சல்லிவன் என்ற புனைபெயரில், அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஒருவரை மொழிபெயர்ப்பதாகச் சொல்லி அவர் வெளியிட்டு, வழக்கு வரை போன நாவலை முதல் நூலாக எடுக்காதீர்கள். பெண்கள்மீதான அதன் வன்முறை கடுமையானது; அதன் அவப்புகழ் அவருடைய பிற எழுத்தை நீண்டகாலம் மூடிவிட்டது. அதற்குப் பதிலாக 1953-இல் வந்த 'லராஷ்-கேர்' நாவலுக்குச் செல்லுங்கள். பிள்ளைகளைக் காப்பதாக நினைத்துக் கூண்டுவரை போகும் தாயின் அன்பு அதில் நடுங்கவைக்கும்.

2013-இல் மிஷேல் கோந்த்ரி 'லெகூம் தே ழூர்' நாவலைத் திரைப்படமாக்கினார். நாவலைக் குறைந்தது ஒருமுறை முழுமையாகப் படித்து, அந்த வீட்டை உங்கள் மனத்தில் கட்டி முடித்தபின் படத்தைப் பார்ப்பது நல்லது. வரிசை மாறினால், சுருங்கும் அறைகள் கோந்த்ரியுடையவையாகிவிடும்.